வெள்ளை மேல் வெள்ளை

சந்தானத்தையும் என்னையும் சேர்ந்தாற்போல் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வரும். அவன் முருங்கைக்காய், நான் பூசணிக்காய். அவன் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், நான் நாகூர்க்காரன், பெயர் பக்கீர் முகம்மது. அவன் பேசினால் எதிரில் இருக்கிறவன் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நான் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் என்று என் மனைவி தாஜ் நிஷா சொல்வாள். மலைக்கும் மடுவுக்கும் இருக்கிற வித்தியாசம். ஆனால் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது ஒரே வேலைதான்.

அமெரிக்காவில், டெக்ஸாஸில், ஆஸ்டினுக்குப் பக்கத்து ஊரான ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அதில் மானிட்டர்களைப் பரிசோதிக்கும் லேப். திரையில் வெள்ளை எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கிறது, முன்னது பின்னதைப் போல எத்தனை மடங்கு என்று அளந்து சொல்ல வேண்டும். கான்ட்ராஸ்ட் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். விளம்பரத்தில் எல்லோரும் வெளிச்சத்தைப் பற்றியே பீற்றிக்கொள்வார்கள். சந்தானம் வெளிச்சத்தை மதிக்கவே மாட்டான். வெளிச்சத்தை எந்த டியூப்லைட்டும் கொடுக்கும், கறுப்பைக் கொடுக்கிறவன்தான் கெட்டிக்காரன் என்பான். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று பழமொழியை வேறு துணைக்குக் கூப்பிடுவான்.

அந்த லேபின் சுவர், கூரை, தரை எல்லாம் கறுப்பு. உள்ளே போகிறவனும் கறுப்புச் சட்டைதான் போட வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டால் திரையின் வெளிச்சம் சட்டையில் பட்டுத் திரும்பித் திரையிலேயே விழுந்து அளவைக் கெடுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சந்தானம் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிய போட்டோவில் கறுப்புச் சட்டையோடு நின்றான். பிள்ளை அமெரிக்கா போய்க் கறுப்புச் சட்டைக் கட்சியில் சேர்ந்துவிட்டான் என்று உத்தர வீதி முழுக்கப் பேச்சாகிவிட்டதாம். அவன் அப்பாவைச் சமாதானப்படுத்த ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போன் பில்லுக்கே போயிற்று. இதைச் சொல்லிச் சொல்லி நான் அவனை எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

கான்ட்ராஸ்ட் எங்கள் இரண்டு வீட்டிலும் புழங்கிய வார்த்தை. ஆனால் பெண்கள் அதை வேறு காரியத்துக்கு வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் ஆஸ்டின் பக்கம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு புடவைக் கடை கிடையாது. நாலு பேரும் ஒரே காரில் ஹூஸ்டனுக்குப் போவோம். வழி நெடுக, பின்சீட்டில், சந்தானத்தின் மனைவி ஜலஜாவுக்கும் தாஜ் நிஷாவுக்கும் வாக்குவாதம். ஜலஜா மேட்சிங் கட்சி. புடவை என்ன கலரோ ரவிக்கையும் அதே கலரில் இருக்க வேண்டும். தாஜ் நிஷா கான்ட்ராஸ்ட் கட்சி. மாம்பழ மஞ்சளுக்கு மாம்பழ மஞ்சளே போட்டால் தலையணைக்கு உறை போட்ட மாதிரி இருக்கும், அரக்கு போட்டால்தான் எடுக்கும் என்பாள். மீட்டர் கொண்டுவந்து அளந்து சொல்லட்டுமா என்று முன்சீட்டிலிருந்து கேட்டு நாங்கள் வாங்கிக் கட்டிக்கொள்வோம். ஜலஜா டப்பாவில் கொண்டு வந்த புளியோதரையும் தாஜ் நிஷா சுட்ட நாகூர்ப் பலகாரமான வாடாவும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கு நிழலில் காலியாகும். அந்த ரோடு இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பயணம் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

ஜலஜா வாசலில் கோலம் போடாத நாள் கிடையாது. அபார்ட்மெண்டில் இருந்தபோது கதவுக்கு வெளியே கால் விரித்து நிற்க முடியாத இடம். அதிலும் உள்ளங்கையளவில் ஒன்று போடுவாள். பிறகு வீடு வாங்கியதும் வாசலில் அகலமாக ஒரு கான்கிரீட் மேடை வாய்த்தது. அதில் அரிசி மாவால் அவள் போடுகிற சிக்குக் கோலத்தைப் பார்த்து அந்தத் தெரு அமெரிக்கர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். அவள் அப்பா இறந்த செய்தி வந்த அன்று, அது தெரியாமலே நான் அங்கே போனேன். வாசல் வெறுமனே கிடந்தது. உள்ளே நுழைவதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோலம் இல்லாத வாசலுக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் வளர்ந்த எவனுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நாங்கள் இருவரும் ரிட்டயர் ஆனவர்கள். காலையில் பிரஷி க்ரீக் என்கிற ஓடை ஓரமாக நடப்போம். அவன் வீட்டிலிருந்து அவன் வருவான், என் வீட்டிலிருந்து நான் போவேன். பாலத்துக்குப் பக்கத்து பெஞ்சில் சந்திப்பு. பாதி நேரம் நடை, மீதி நேரம் உலகத்தைத் திட்டுவது. சமீப காலமாக அவன் திட்டு முழுக்க வெப்சைட் டிசைன் பண்ணுகிற பிள்ளைகள் மேல்தான். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் எழுத்தைப் போட்டுவிட்டு அதற்கு அழகு என்று பெயர் வைக்கிறார்கள், பேங்க் வெப்சைட்டில் எதுவும் படிக்க முடியவில்லை, இவர்களை நம் லேபில் ஒரு வாரம் அடைத்து வைக்க வேண்டும் என்பான். எனக்கும் அந்தச் சாம்பல் எழுத்தைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அதனால் நானும் ஒத்து ஊதினேன். அவன் குறை எழுத்தில் இல்லை என்று எனக்கு எங்கே தெரியும்?

இந்த வசந்தத்தில் அவர்கள் வீட்டில் ஒரு புயல் வீசியது. மகள் விஷாகா கலிபோர்னியாவில் டப்ளினில் இருக்கிறாள். நல்ல வேலை, இரண்டு குழந்தைகள். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை, ஹெச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்புச் சங்கம் சொன்னதற்காக ஆள் வைத்து வாசல், ட்ரைவ்வே எல்லாவற்றையும் தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் பவர் வாஷ் பண்ணினார்கள். கான்கிரீட்டில் வருஷக்கணக்காக ஏறியிருந்த கறுப்பெல்லாம் போய் வாசல் பளிச்சென்று ஆகிவிட்டது. வீடு விற்கவே தயாராகிவிட்ட மாதிரி இருக்கிறதே என்று ஜலஜா சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். போய்விடலாமே, பேரன் பேத்தியோடு இருக்கலாமே என்றும் சொல்லியிருக்கிறாள். சாதுவான என் சிநேகிதனுக்கு என்ன வந்ததோ, இது என் வீடு, உனக்கு வேண்டுமானால் நீ போ என்று கத்திவிட்டான். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அன்று ரவுண்ட் ராக் கொள்ளவில்லை.

இதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து அவனே சொன்னதுதான். கத்தியது தப்பு என்று அவனுக்கே தெரிந்திருந்தது. மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கலாம் என்று கிளம்பி வந்திருக்கிறான். வாசலைப் பார்த்ததும் கேட்காமலே நடைக்கு வந்துவிட்டான்.

"ஜலஜா கோலம் போடறதை நிறுத்திட்டாடா," என்றான் என்னிடம். "அந்த வீடு இனிமே அவளுக்கு வீடு இல்லைன்னு ஆயிடுத்து. வாயால சொல்லல, வாசல்ல சொல்லிட்டா."

ஒரு நாள் விட்டிருப்பாள், கோபம் ஆறினால் போடுவாள் என்றேன். ஒரு வாரம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. தினமும் கேட்பேன், தினமும் இல்லை என்பான். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடு மேஜைக்கு வந்துவிடும், ஆள் வர மாட்டாள் என்றான். கடைசியில், அவள் மனசு அங்கே போய்விட்டது, உடம்பை மட்டும் இங்கே பிடித்து வைத்து என்ன பிரயோஜனம், அவளை அனுப்பிவிட்டு நான் தனியாக இருந்துகொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தான். அறுபதைத் தாண்டிய மனுஷன் பேசுகிற பேச்சா இது? எனக்கு ஜலஜாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. உள்ளதைச் சொன்னால், என் கோபத்தில் பாதி சுயநலம். இவர்கள் வீடு இரண்டுபட்டாலும் நஷ்டம் எனக்கு, ஒன்றாகக் கிளம்பி டப்ளின் போனாலும் நஷ்டம் எனக்கு. இவனை விட்டால் இந்த ஊரில் எனக்குத் திட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு சாயங்காலம் தாஜ் நிஷா ஜலஜாவைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. டீ போட்டு என் முன்னால் டொக்கென்று வைத்தாள். உங்க சிநேகிதரை ரொம்ப நல்லவர்னு நெனச்சேன் என்று ஆரம்பித்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தினமும் காலையில ஷூவோட ஜலஜா போட்ட கோலத்த மிதிச்சிக்கிட்டுப் போறாராம். தெரியாம இல்ல. நின்னு, நல்லா குனிஞ்சு பாத்துட்டு, நடுவுல கால வச்சு மிதிக்கிறாராம். அந்தப் பொண்ணு சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு தினமும் அழுவுது."

எனக்குச் சுருக்கென்றது. என் சிநேகிதனைப் பற்றி இப்படி ஒரு அபாண்டமா?

"போடாத கோலத்த எப்படி மிதிப்பான்? அவதான் நிறுத்திட்டாளே?"

"மிதிக்கிற கோலத்த எப்படிங்க போடாம இருப்பா?"

அதற்கப்புறம் எங்கள் வீட்டிலும் புயல்தான். அவளுக்கு அவள் தோழி சத்தியவதி. எனக்கு என் தோழன் அரிச்சந்திரன். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும், ஆனால் இரண்டு பேருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அந்த ஆத்திரத்தில் ஊர் வம்பு, உறவு வம்பு எல்லாம் இழுத்துப் பேசிவிட்டு, டீயை ஆறவிட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு நெருப்பில் நம் வீட்டுக் கூரை பற்றிக்கொள்கிற கதைதான்.

மறுநாள் விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு நடைக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் தெருவுக்குப் போனேன். எதிர்வாடையில் ஓர் ஓக் மரத்தடியில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒற்றன் வேலைதான், வேறென்ன சொல்ல?

கதவு திறந்தது. ஜலஜா கிண்ணத்தோடு வந்தாள். குனிந்து கூட்டினாள், லேசாகத் தண்ணீர் தெளித்தாள். ஈரம் பட்ட இடம் கருத்தது. கோலம் போட்டாள். இழை இழையாக, அவசரமே இல்லாமல், யாரோ வந்து பார்க்கப் போகிற மாதிரி போட்டாள். போட்டுவிட்டு உள்ளே போனாள். தாஜ் நிஷா சொன்னதுதான் உண்மை என்று ஆனதும் எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. இவனை நம்பி என் மனைவியோடு சண்டை போட்டேனே! இவன் வரட்டும், அந்த இடத்திலேயே உரித்துத் தோரணம் கட்டிவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

டெக்ஸாஸ் வெயில் ஏறினால் கான்கிரீட் ஈரம் காயக் காபி குடிக்கிற நேரம் போதும். தரை காய்ந்தது. கழுவி வெளுத்த வாசல் மறுபடியும் வெள்ளையானது. அதன் மேல் அரிசி மாவுக் கோலம் எனக்கே கொஞ்சம் அமுங்கித்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்தது.

சந்தானம் வந்தான். கதவை மெல்லச் சாத்தினான். உடனே இறங்கவில்லை. நின்றான். குனிந்து தரையைப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கோலம் அவன் காலடியில் இருந்தது, அவன் கண் அதன் மேல்தான் இருந்தது. ஆனாலும் அவன் தேடிக்கொண்டிருந்தான். இன்றைக்காவது போட்டிருக்கிறாளா என்று தேடிக்கொண்டிருந்தான். பிறகு தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு, நடுக்கோலத்தில் காலை வைத்து இறங்கினான்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதில் வந்தது பயம்தான். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய வித்தியாசத்தை அளந்து அளந்தே தலை நரைத்தவன் அவன். மீட்டர் சொல்வதற்கு முன்னால் கண்ணால் சொல்லுவான். அந்தக் கண்ணுக்கு இது தெரியவில்லை.

காரைவிட்டு இறங்கி, சந்தானம் அங்கேயே நில்லு என்று கத்தினேன். பதறிப்போய் நின்றான். பாதி கோலத்துக்குள், பாதி வெளியே. கீழே என்ன இருக்கிறது என்று கேட்டேன். என்னடா கேள்வி, கான்கிரீட் என்றான். குனிந்து தொட்டுப் பார் என்றேன். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்து முறைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குனிந்தான்.

விரலால் தரையைத் தேய்த்தான். விரலைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல், தூசி துடைக்கிற மாதிரி, நீலநிற டிராக் பேண்டில் துடைத்தான். நீலத்தின் மேல் வெள்ளைக் கோடு விழுந்தது. அதை உடனே பார்த்துவிட்டான். அப்படியே அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி குனிந்து உள்ளங்கை முழுவதையும் தரையில் வைத்துத் தடவினான். மறுபடி பேண்டில் துடைத்தான். கை அகலத்துக்கு மாவு.

சத்தம் கேட்டு ஜலஜா கதவைத் திறந்தாள். தரையில் குந்தியிருக்கிற கணவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்காமலேயே கேட்டான்.

"எப்ப போட்டே?"

"தினமும்தான் போடறேன்."

"அன்னிக்கு மறுநாள் கூடவா?"

"அன்னிக்குத்தான் ரொம்ப நேரம் போட்டேன். கோபம் தீரட்டும்னு பெருசா போட்டேன். நீங்க பார்த்துட்டு மிதிச்சுண்டு போனேள்."

அவன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான். முடிச்சு அவிழவில்லை. ஜலஜா முதலில் நின்றுகொண்டேயிருந்தாள். அவன் கண்ணில் படாமல் போனது எது என்று அவளுக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. விளங்கியதும், கோலத்தின் மேலேயே நடந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஷூ முடிச்சை அவிழ்த்தாள். நான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன் என்றான் அவன். நானுந்தான் என்றாள். இரண்டு மாதமாக இரண்டு பேரும் சேர்த்து வைத்திருந்த அழுகையை அந்த வாசலில் வைத்து அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை. முந்தைய நாள்தான் அவன் ஜலஜாவை ஏற்றிக்கொண்டு ஃப்ரீவேயில் கோவிலுக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

கார் சாவியைக் கொடு என்றேன். முடியாது என்றான். லைசன்ஸ் ஆபீஸில் போன வருஷம் கண் டெஸ்டில் எல்லா எழுத்தையும் படித்தேனே என்றான். வெள்ளைப் பலகையில் கன்னங்கரேலென்று அச்சடித்த எழுத்தை நீ படித்ததில் என்ன அதிசயம், அது உன்னுடைய கான்ட்ராஸ்ட் டெஸ்டா என்று கேட்டேன். அவன் பிழைப்பே அது. சாவியை ஜலஜா கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

அன்றைக்கே கண் டாக்டரிடம் மூவரும் போனோம். அந்தம்மா சுவரில் ஓர் அட்டையை மாட்டினாள். எல்லா எழுத்தும் ஒரே அளவு. மேலே கறுப்பு, போகப் போக வெளிறிக்கொண்டே போய்க் கடைசியில் தாளோடு தாளாகக் கரைந்துவிடும். அட்டையைப் பார்த்ததும் சந்தானத்தின் முகத்தில் ஒரு பழைய களை வந்தது. எப்படி அச்சடித்திருக்கிறார்கள், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்று டாக்டரிடமே விசாரித்தான். பிறகு படிக்க ஆரம்பித்தான். சில வரி படித்தான். நிறுத்தினான். அவ்வளவுதான், இதற்குக் கீழே வெறும் தாள் என்றான்.

அவனுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அதற்குக் கீழே இன்னும் பாதி அட்டை எழுத்து தெரிந்தது. ஜலஜாவுக்கும் தெரிந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கிளாக்கோமா, கண் அழுத்த நோய் என்றார்கள். சத்தமில்லாமல் வெகு நாளாகக் கண் நரம்பைத் தின்றிருக்கிறது. அதிலும் கீழ்ப்பக்கப் பார்வை அதிகம் போயிருக்கிறது. போனது போனதுதான், மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இனி கார் ஓட்டக் கூடாது. டாக்டர் மென்மையாகத்தான் சொன்னாள். சந்தானம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். லேபில் சரியாக அளந்து எழுதிய ரிப்போர்ட்டைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டான்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். அவன் பக்கத்தில், ஜலஜா பின்னால். எனக்கு மௌனம் ஒத்துவராது. நான் இருக்கிறேன், எங்கே போக வேண்டுமோ ஒரு போன் போடு, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பேசிக்கொண்டே வந்தேன். கடைக்கு நான், டாக்டருக்கு நான், கோவிலுக்கு வேண்டுமானால் வாசல் வரைக்கும் நான். எத்தனை நாளைக்குடா, உனக்கு மட்டும் வயசு குறைகிறதா என்று சிரித்தான். ஜலஜா லோக்கல் ரோட்டில்கூட ஓட்டியதில்லை. ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் ஒரு தபால் பெட்டியைச் சாய்த்த நாளோடு விட்டவள். கார் இல்லாமல் ரவுண்ட் ராக்கில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்க முடியாது. இது எனக்கும் தெரியும். ஆனாலும் பேசிக்கொண்டே வந்தேன்.

பின்னால் இருந்து ஜலஜா சொன்னாள்.

"விஷாகாகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன் பாய். காலம்பறவே போன்ல சொல்லிட்டேன். இவருக்கு இந்த வீடுன்னா உசுரு. எனக்கு இவர் போதும். நான் எப்படியாவது கார் ஓட்டக் கத்துக்கறேன்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். சரியான யோசனை, தாஜ் நிஷாவே சொல்லிக்கொடுப்பாள் என்றேன். சந்தானம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வழியில் வெயில் கொளுத்துகிற பார்க்கிங் லாட்டுகள், வெளிறிய சுவர்கள், வெளிறிய வானம். அதில் அவனுக்கு எவ்வளவு தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

"வேண்டாம்," என்றான். "அவளுக்குப் போன் போடு. வரோம்னு சொல்லு."

ஜலஜா ஏதோ சொல்ல வந்தாள். அவன் கையைப் பின்பக்கம் நீட்டினான். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் என் முன்னால் கை பிடித்து நான் பார்த்ததில்லை. அவள் பிடித்துக்கொண்டாள். "இந்த வயசுல நீ எனக்காக ஃப்ரீவேல ஏறி பயந்துண்டு ஓட்ட வேண்டாம். அங்க பேரனோட கையைப் பிடிச்சுண்டு நான் நடந்துக்கறேன். வீடு என்ன வீடு? உனக்கு வாசல் வேணும், அவ்வளவுதானே," என்றான். இதை அவன் இரண்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது அவர்கள் தெருவுக்குக் காரைத் திருப்பினேன்.

அவர்களை இறக்கிவிட்டேன். ஜலஜா முன்னால் போய் நின்று, படி இங்கே என்று சொல்லி அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன். நேற்றுச் சண்டைக்குப் பிறகு நானும் தாஜ் நிஷாவும் சரியாகப் பேசியிருக்கவில்லை. கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள், சந்தானத்தின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இனி அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டாள்.

இங்கே இருக்கப் போவதில்லை, டப்ளினுக்குப் போகிறார்கள் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தன நாளு இல்லாம, இப்ப யாரு அவங்கள போகச் சொன்னது?"

சந்தானத்தின் கார் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "நான்தான்," என்றேன்.